மச்சு வீட்டுச் சேலை

அருப்புக்கோட்டையில் நாங்கள் துணி போடும் டிரை கிளீனிங் கடையில் டோக்கனும் கிடையாது, ரசீதும் கிடையாது. கடைக்காரத் தம்பி கேட்பது இரண்டே கேள்விதான். "அக்கா, எந்த ஊரு? எந்த வீடு?" சொன்னதும் ஒரு துண்டுத் துணியில் வீட்டுப் பேரை எழுதி, சேலை ஓரத்தில் ஊக்கால் குத்தி, மூட்டையோடு மதுரைக்கு பஸ்ஸில் ஏற்றிவிடுவார். மிஷின் அங்கேதான் இருக்கிறது. இங்கே இருப்பது ஒரு போர்டும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்தான்.

எங்கள் துணியில் 'மச்சு வீடு' என்று எழுதியிருக்கும். என் மாமனார் வீட்டுக்கு எம்.ரெட்டியபட்டிப் பக்கம் அதுதான் பேர். மச்சு இடிந்து விழுந்து எத்தனையோ காலமாயிற்று, அந்த இடத்தில் கருவேல மரம் நிற்கிறது. நாங்கள் பாளையம்பட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆனாலும் டிரை கிளீனிங் கடையில் நாங்கள் மாடி வீட்டுக்காரர்கள்.

அந்தக் கடைக்குப் போனால் பொழுது போவதே தெரியாது. ஒருநாள் ஒரு பெரியவர் பட்டு வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணியே இல்லாம எப்பிடியப்பா தொவைப்பீக?" என்று கேட்டார். தம்பி ஏதோ மருந்து, மிஷின் என்று விளக்கினார். பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "தண்ணியில்லாம பொழைக்கிறதுக்கு எங்க ஊருல நாங்க யாருக்கும் காசு குடுக்கிறதில்ல" என்று வேட்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். என் வீட்டுக்காரர் ஒருமுறை சட்டை சுருங்கிவிட்டது என்று சண்டைக்குப் போனார். தம்பி அவருடைய வயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். இவர் சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் வரை.

என் கல்யாண முகூர்த்தப் பட்டைத்தான் நிச்சயத்துக்குக் கட்டுவேன் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். கடையில் புதுசு எடுத்துத் தருகிறேன் என்றாலும் கேட்கவில்லை. அரக்குச் சேலை, மாம்பழ மஞ்சள் கரை. பெட்டிக்குள்ளேயே கிடந்து மடிப்பில் பழுப்பேறியிருந்ததால் சலவைக்குப் போட்டிருந்தேன். மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சேலை வாங்கப் போனால் தம்பி என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"அது அன்னைக்கே போயிருச்சேக்கா."

"எங்க போச்சு?"

"பாலவனத்தத்து அக்கா வந்தாகள்ல, அண்ணன் வேட்டி வாங்க. மச்சு வீட்டுச் சேலையும் கெடந்துச்சு. ஒங்களுக்கு எதுக்கு ரெண்டு அலைச்சல்னு சேத்துக் குடுத்து விட்டுட்டேன்."

பாலவனத்தத்து அக்கா என்றால் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்கள் புது வீடு பால் காய்ச்சியபோது நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைக்காமல் வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பினார்கள். உடன்பிறந்தவனுக்கு அனுப்புகிற லட்சணமா அது? "நீங்க போன்ல அழைச்சீக, நாங்க போன்லயே சாப்புட்டுக்கிறோம்" என்று பதில் போட்டேன். போட்டது குடும்ப குரூப்பில். அதோடு முடிந்தது.

"ஏந்தம்பி, யாரு எவருன்னு கேக்காம பட்டுச் சேலையத் தூக்கிக் குடுப்பியா? கூறு இருக்கா ஒனக்கு?"

"யாருன்னு தெரிஞ்சுதானக்கா குடுத்தேன்? ஏன், ஒங்களுக்குள்ள பேச்சு இல்லையா?"

பாவி, அதைக் கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டான். இஸ்திரிக்குக் காத்திருந்த ஓர் அம்மா சுவாரசியமாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "சொத்துத் தகராறா தாயி?" என்றது. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. நான் வெளியே வந்து வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் மனுஷர் குரலில் ஒரு சந்தோஷம்.

"அப்ப நீ போயித்தான் வாங்கிட்டு வரணும். எனக்குப் பந்தக்கார ஆளு வந்திருக்காக."

பந்தலாவது ஒன்றாவது! வீட்டு வாசலில் சாமியானாகூடக் கிடையாது. பத்து நாளாக "அண்ணன் இல்லாம யாரு தட்டு மாத்துறது?" என்று என்னையே சுற்றிச் சுற்றி வந்தவர்தான். முறைப்படி பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்று தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் கேட்டபோது, அவுக வெளியூர் போயிருக்காக என்று பொய் சொல்லி வைத்திருந்தோம். பாலவனத்தம் வெளியூர்தானே! எனக்கும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முதலில் நான் ஏன் இறங்கிப் போக வேண்டும்?

பாலவனத்தம் வழியாகப் போகும் விருதுநகர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழி நெடுக, என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நல்ல நல்ல கேள்வியெல்லாம் வந்தது.

கதவைத் திறந்த ஓரகத்தி, 'வா' என்றும் சொல்லவில்லை, 'ஏன் வந்தாய்' என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தாள். சேலையைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்திருந்தாள்.

"மதுரைக்காரன் மடிச்ச மடிப்புல சரிகை முறியப் பாத்துச்சு. மாத்தி மடிச்சு வச்சிருக்கேன்."

நான் பையை வாங்கிக்கொண்டேன். ஒத்திகை பார்த்த கேள்வி ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"நாளைக்கா?" என்றாள்.

"ம்."

"பிள்ளைக்கு யாரு கட்டி விடுறா?"

"பார்லர்ல சொல்லியிருக்கு."

"பார்லரா?" அவள் குரல் உயர்ந்தது. "முகூர்த்தப் பட்டு அது, ஊக்கா குத்திக் கிழிச்சு வைப்பாளுக. பிள்ளைக்குப் பெரியம்மான்னு ஒருத்தி செத்தா போயிட்டேன்?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழைக்க வேண்டும், இப்போதே அழைத்தாக வேண்டும் என்று மனசு பதறியது. ஆனால் எப்படி? வாயால் அழைத்தால் வாட்ஸப்பைவிடக் கேவலம். தாம்பூலம் வைக்காத அழைப்புக்கு இவள் மட்டுமா, நானே வரமாட்டேன். கையில் சேலைப் பையைத் தவிர ஒன்றும் இல்லை.

விறுவிறுவென்று அவளுடைய அடுப்படிக்குள் போனேன். அவளுடைய எவர்சில்வர் தட்டை எடுத்தேன். சாமி படத்துக்கு முன்னால் இருந்த அவளுடைய வெற்றிலை பாக்கு, அவளுடைய குங்குமச் சிமிழ், மேஜை மேல் கிடந்த அவளுடைய வாழைப்பழம் இரண்டு. எல்லாவற்றையும் தட்டில் வைத்து, வாசல்படிக்கு வெளியே போய் நின்று, கூப்பிட்டேன்.

"அக்கா, நாளைக்கு நம்ம பிள்ளைக்கு நிச்சயம். அத்தானும் நீங்களும் வந்து முன்ன நின்னு தட்டு மாத்திக் குடுக்கணும்."

உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தட்டைப் பார்த்தார், பழம் இல்லாத மேஜையைப் பார்த்தார், சட்டென்று உள்ளே போய்விட்டார். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஓரகத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். வாங்கியதும் குனிந்து பார்த்தாள்.

"வெத்தல வாடியிருக்கு."

"நல்ல வெத்தலையா வாங்கி வைக்கணும்" என்றேன்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் குங்குமம் வைத்துவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"ஆமா, ஒங்க சேலை இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சிருக்குமே. கடையிலயே வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அவன் நாலு பேருக்கு முன்னால, 'இந்தாங்கக்கா, இதும் ஒங்க வீட்டுச் சேலை'ன்னு நீட்டுறான்" என்றாள் அவள். "எங்க வீடு இல்லன்னு நான் எந்த வாயால சொல்ல?"