எடுக்காதீங்க

மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியதால் என் மனைவி தனியாக மெல்போர்னுக்குக் கிளம்பினாள். முதல் விமானப் பயணம். கோலாலம்பூரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். அந்த ஓர் இடம்தான் எனக்குக் கவலை.

அவள் போனை நான்தான் தயார் செய்தேன். தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டில் போனைச் சும்மா சட்டைப்பையில்தான் வைத்திருந்தாராம். உள்ளே இருந்த படங்கள் தாமாகவே எங்கோ மேலே ஏறிக்கொண்டிருக்க, வந்த பில்லைப் பார்த்து ஆள் உட்கார்ந்துவிட்டார். அதனால் டேட்டா ரோமிங்கை அணைத்தேன். பேச்சுக்கு மட்டும் வழி விட்டேன்.

“ரோமிங்னா இன்னாங்க?”

“ஊர் ஊரா சுத்துறது.”

“நம்மூர்ல மாசாமாசம் அத்தனை பேர் மலை சுத்துறாங்க. எவனாவது காசு கேட்டானா?”

இடையில் நிற்கும் கொஞ்ச நேரத்துக்கு எதற்குத் தனியாக டேட்டா பேக் என்று அவளே முடிவு செய்தாள். விமான நிலைய வைஃபை இங்கிலீஷில் கேள்வி கேட்கும். அதோடு மல்லுக்கட்ட அவளுக்கு இஷ்டமில்லை. கடைசியில் மிஸ்டு காலுக்கு வந்து சேர்ந்தோம். அடித்தால் காசில்லை, எடுத்தால்தான் காசு. ஒரு தடவை அடித்தால், அடுத்த விமானத்தின் வாசலுக்கு வந்துவிட்டேன் என்று பொருள். உடனே இன்னொரு தடவையும் அடித்தால், வழி தெரியாமல் நிற்கிறேன், எடு என்று பொருள்.

“ஒண்ணு வந்தா எடுக்காதீங்க. உங்க கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும்.”

நல்ல நாள் என்று பௌர்ணமியாகப் பார்த்து டிக்கெட் போட்டிருந்தோம். இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் செய்திருக்கக் கூடாது. பௌர்ணமியன்று கிரிவலமாக மலை சுற்ற லட்சக்கணக்கில் வருகிறவர்களின் போன்கள் எல்லாம் இருக்கிற நாலைந்து டவர்களைப் பிடித்துத் தொங்கும். அடித்த அழைப்பு வராது. வந்தாலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

மதியத்திலிருந்தே வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடம், மாடி, வாசல், மறுபடி கூடம். போனில் சிக்னல் கோடுகள் நிறைய நின்றன; பக்கத்து வீட்டுக்கு அடித்துப் பார்த்தால் போகவில்லை. தெருவெங்கும் வெறுங்கால்கள், வண்டிகள், தண்ணீர்ப் பந்தல்கள். இத்தனை கூட்டத்தைத் தாண்டி அவளுடைய ஒரு மணியோசை எப்படி என்னிடம் வந்து சேரும்? ஸ்கூட்டரை எடுத்தேன். கூட்டம் மலையை நோக்கி வர, நான் கீழ்பென்னாத்தூர் சாலையில் எதிர்த்திசையில் போனேன்.

நிலக்கடலை வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. போனை உள்ளங்கையில் வைத்தபடி முன்னும் பின்னும் நடந்த என்னைக் கடைக்கார அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஊரே மலைய சுத்தப் போவுது. நீ இன்னா சார், என் கடைய சுத்துற?”

“டவர் தேடுறேம்மா.”

“டீயாச்சும் குடிச்சிட்டுத் தேடு.”

டீ வாங்கினேன். ஆடை படிந்தது, குடிக்கவில்லை. வெயில் இறங்கியது. கோலாலம்பூரில் அவள் விமானம் கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. அவள் பெயர். விரல் பச்சைப் பொத்தானுக்குப் போனது. மற்றொரு கையால் அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். நின்றது. வந்துவிட்டாள். மூச்சு கீழே இறங்குவதற்குள் மறுபடி அடித்தது.

எடுத்தேன்.

“எங்க நிக்கிற? பக்கத்துல யார் இருக்காங்க? அவங்ககிட்ட போனைக் குடு.”

“எதுக்குங்க எடுத்தீங்க?”

“ரெண்டு தடவ அடிச்சியே.”

“மொத தடவ மணி போன மாதிரியே தெரியல. பௌர்ணமியாச்சே, அங்க லைன் கெடைக்காதுன்னுதான் மறுபடி அடிச்சேன். நான் கேட்டுல வரிசையில நிக்கிறேன்.”

“சரி. வச்சிடு, காசு போவுது.”

அவள் வைக்கவில்லை. அறிவிப்புகளும் பெட்டிச் சக்கரங்களின் சத்தமும் கேட்டன.

“நிலா வந்துடுச்சா அங்க?” என்றாள்.

கிழக்கே கடலை வயலுக்கு மேலே பார்த்தேன். வெறும் சாம்பல் நிறம்.

“இன்னும் இல்ல.”

“இங்க வந்துடுச்சு. கண்ணாடி வழியா தெரியுது. பெருசா இருக்கு.”

நான் வயலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போனில் மறுபடி பெட்டிச் சக்கரங்கள் உருண்டன. அங்கே வரிசை நகர்ந்திருக்க வேண்டும்.

“எடுக்காதீங்கன்னு சொன்னேன்ல,” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.