பெருங்களத்தூர் சிற்றுண்ணி

இரண்டாயிரத்துகளின் நடுவில் என் வயதுக்காரர்கள் எல்லாம் ஐ.டி. கம்பெனி பஸ் ஏறி சிறுசேரிக்குப் போய்க்கொண்டிருக்க, நான் பாலிதீன் பையில் மண் அள்ளிக்கொண்டு தாம்பரம் மொட்டைமாடி அறைக்குத் திரும்புவேன். மண்ணுக்குள் வாழும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத எட்டுக்கால் சிற்றுண்ணிகள்தான் என் ஆராய்ச்சி. வீட்டில் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

புனலில் மண்ணைப் போட்டு, மேலே குண்டு பல்பைத் தொங்கவிடுவேன். சூடு தாங்காமல் அவை கீழே இறங்கி ஆல்கஹால் குப்பியில் விழும். பிறகு மைக்ராஸ்கோப்பில் அவற்றின் முதுகு மயிரை எண்ணுவேன். இதற்குத்தான் முதுகலைப் படிப்பு.

பெருங்களத்தூர் காலி மனை ஒன்றின் வேப்பமரத்தடி மண்ணிலிருந்து ஒருநாள் ஒன்று விழுந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாதபடி ஒரு ஜோடி மயிர் கூடுதல். புதிய இனம்! சந்தோஷத்தில் அன்று சோறு இறங்கவில்லை. என் பேராசிரியரும் இறங்கி வரவில்லை.

"இது ஒண்ணுக்கு மட்டும் முடி ஜாஸ்தியா முளைச்சிருக்கலாம்ப்பா. இன்னும் நாலு கொண்டா, பேர் வைக்கலாம்."

இதற்கிடையில் தமிழில் ஒரு கருத்தரங்கு. என் கட்டுரையை டி.டி.பி. கடையில் கொடுத்தேன். "பெருங்களத்தூர் மண்ணில் புதிய சிற்றுண்டி" என்று தடித்த எழுத்தில் அச்சாகி, எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்தது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"உண்ணின்னா நாய் மேல கீறது சார். காலேஜ் படிச்சவரு அதையா எழுதுவாருன்னு நாந்தான் கரெக்ட் பண்ணேன்."

கருத்தரங்கில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, தொட்டுக்கொள்ள என்ன என்பதுதான்.

மழை முடிந்ததும் மீதி நாலைத் தேடிப் போனேன். வேப்பமரம் இல்லை. மனையில் கிராவல் கொட்டி அடுக்குமாடிக்குத் தூண் எழுப்பியிருந்தார்கள். மண் வேண்டும் என்றதும் வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தாண்ட லோடு மண்ணு கீது. எத்தினி வோணும்னாலும் அள்ளிக்கோ சார்."

எந்த ஊர் மண்ணோ, அதையும் அள்ளிவந்தேன். அக்கம்பக்கத்து மனைகளையும் விடவில்லை. பல்பு ஃப்யூஸ் போனதுதான் மிச்சம். கிடைத்த அந்த ஒன்று, பெயர் வைக்கப்படாமலே மைக்ராஸ்கோப் ஸ்லைடில் கிடக்கிறது.

கட்டடம் முடிந்து கீழே கடைகள் வந்தன. மரம் நின்ற மூலையில் "சிற்றுண்டி" என்று புதிதாக ஒரு போர்டு. டி.டி.பி.க்காரர் வாக்குப் பலித்துவிட்டது. உள்ளே போய் இட்லி கேட்டேன். குறை சொல்ல முடியாது, நல்ல இட்லிதான். எனக்குத்தான் இறங்கவில்லை.