பேலட்டில் முளைத்த கிண்ணங்கள்

சட்டைப் பொத்தானைவிடச் சிறிய கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் நாலைந்து உளுந்து போட்டு வைத்தாற்போல இருந்தது. ஓசூரில் நான் துப்புரவு வேலை பார்க்கும் ஆலையில், கம்ப்ரசர் ஷெட்டுக்குப் பின்னால் மழையில் ஊறிக் கிடந்த, சரக்கு அடுக்கும் மரப் பேலட்டில் அவை முளைத்திருந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பாய் வண்டியை நிறுத்திவிட்டுக் குப்புறப் படுத்துப் படம் எடுத்தார்.

"காளான்ணா இது."

"கொழம்பு வெக்கலாமா பாய்?"

"உங்களுக்கு எப்பவும் கொழம்புதான். இது பாக்கறதுக்குணா."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி, காடு என்று சுற்றும் குழு ஒன்றில் பாய் இருந்தார். மற்றவர்கள் தேவாங்கு, ஆந்தை என்று படம் போட்டால் பாராட்டு குவியுமாம். பாய் போட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்களாம். "எல்லாம் படிச்சவங்கணா. மொதோ தடவையா ஒரு காலேஜ் மேடம், நான் பாத்தத நேர்ல பாக்க வர்றாங்க. சனிக்கிழம வரைக்கும் யாரும் தூக்கிப் போடாம பாத்துக்கங்க."

வெள்ளிக்கிழமை பாய் லீவு. அன்றுதான் ஆலையில் வேண்டாததைக் கழிக்கும் நாள். அட்டை கட்டாத பொருளெல்லாம் ஸ்கிராப்புக்குப் போய்விடும். சூப்பர்வைசரிடம் போய்க் காளான் என்று சொல்ல எனக்குக் கூச்சம். மஞ்சள் அட்டையில் 'தேவை' என்று எழுதிப் பேலட்டில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். தேவையான பொருளைக் கழுவி, கூரைக்குக் கீழே கோடு போட்ட கட்டத்தில் வைக்க வேண்டும் என்பதும் ஆலை விதி. பல வருடமாக நானே செய்கிற வேலை. எப்படி மறந்தேனோ.

சனிக்கிழமை மேடம் வந்தபோது, தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பேலட் கட்டத்துக்குள் பளிச்சென்று கிடந்தது.

"தேவைன்னு டேக் இருந்துச்சு மேடம், அதான் சுத்தமா கழுவிட்டோம்" என்றார் சூப்பர்வைசர், பெருமையாக.

"டேக் கட்டினது யாரு?"

பாய் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் கோணல் எழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். "நான்தான் மேடம்" என்றார்.

"இவ்ளோ நாள் குரூப்ல இருக்கீங்க, இதுகூடத் தெரியலயா?" என்று கேட்டுவிட்டு மேடம் கிளம்பினார். நான் துடைப்பத்தோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

பாய் இப்போது பர்கூர்ப் பக்கம் கிரானைட் ஆலையில் வண்டி ஓட்டுகிறார். குழுவில் இல்லை. எப்போதாவது போன் செய்து, அங்கே மழையா என்று கேட்பார். என்மேல் இரக்கப்பட்டு அப்படிச் சொன்னாரா, துப்புரவுக்காரனை நம்பினேன் என்று சொல்ல வெட்கப்பட்டாரா? கேட்க வேண்டுமென்றால், கட்டியது நான்தான் என்று முதலில் சொல்ல வேண்டும். அதுதான் அவருக்குத் தெரியுமே. தெரிந்தவரிடமே சொல்வதற்கு எனக்கு என்ன தடை என்று புரியாமல், மழைதான் பாய், நல்ல மழை என்று மட்டும் சொல்லிப் போனை வைக்கிறேன்.