ஐந்து ஐம்பதுக்கு வந்த பதில்

இது நடந்தது. கதை கட்டுகிற ஆள் நான் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கக் கட்டுரை எழுதவே எனக்கு வராது. நேரம் எல்லாம் சரியாகச் சொல்கிறேன், கையில் கடிகாரம் இருந்தது. நம்ப வேண்டும் என்றுகூட இல்லை. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். இப்போது இரவு பன்னிரண்டே முக்கால். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள்.

என் பெயர் டெஸ். பதினாறு வயதுப் பெண். எங்கள் ஊர் நியூசிலாந்தின் தெற்குத் தீவில், மேற்குக் கரையில் இருக்கிறது. தார் ரோடு எங்கள் வீட்டு வேலியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஆறு, காடு, மலை.

ஏப்ரல் மாதம் மலையில் ஆண் மான்கள் உறுமும். நாங்களும் உறுமுவோம். மாட்டுக் கொம்பிலோ, முழ நீளம் வெட்டின வேக்குவம் கிளீனர் குழாயிலோ வாயை வைத்து உறுமினால், எதிரி வந்துவிட்டான் என்று மான் தேடிக்கொண்டு வரும். சில சமயம் மானுக்குப் பதிலாக இன்னொரு வேட்டைக்காரர் வந்து நிற்பார், துப்பாக்கியோடு. அதனால் எங்கள் வேட்டைக் கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. எதிரே இருப்பது மனிதன் என்று தெரிந்தால் உறுமாதே. உடனே வாய்விட்டுக் குரல் கொடு.

அந்த விதியை நான் மீறினேன். தெரிந்தே மீறினேன்.

அலிஸ்டர் எங்கள் பள்ளி பஸ்ஸின் டிரைவர். ஐம்பத்தெட்டு வயது. என்னை ஐந்து வயதிலிருந்து ஏற்றி இறக்கியவர். மான் உறுமல் எது, மனித உறுமல் எது என்று கண்டுபிடிப்பதில் அவரை ஏமாற்ற ஆளே இல்லை என்பது அவர் பெருமை. மார்ச் கடைசியில் கிளப்பில் உறுமல் போட்டி நடந்தது. அவர்தான் நடுவர். நான் முடித்ததும் மைக்கைக் கையில் எடுத்தார்.

"சளி பிடிச்ச ஆடு ஒண்ணு மேடையேறிருச்சு. யாராவது புடிச்சு மருந்து ஊத்துங்கப்பா."

நூறு பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். திங்கட்கிழமை நான் பஸ்ஸில் ஏறும்போது அலிஸ்டர் முன்னால் பார்த்தபடியே மெதுவாக "மே..." என்றார். மொத்த பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. நானும் சிரிப்பது போல நடித்தேன்.

ஏப்ரல் பன்னிரண்டு, சனிக்கிழமை. ரோடு முடிகிற இடத்தில் அலிஸ்டரின் வண்டி வெள்ளிக்கிழமையிலிருந்து நிற்பதைப் பார்த்திருந்தேன். அவர் மலைக் குடிலில் தங்கியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் குடிலுக்கு மேலே ஆறு இரண்டாகப் பிரியும். கிழக்குக் கிளை, மேற்குக் கிளை. தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, குழாயைப் பையில் போட்டுக்கொண்டு மேற்குக் கிளையில் ஏறினேன்.

3:25. முதல் உறுமல். கிழக்குப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அவருடைய கொம்புதான். நடுவில் குரல் உடையும், முடிவில் ஒரு இருமல் வரும். சிகரெட் இருமல்.

3:41. இன்னும் கிட்டத்தில். நான் மேலே ஏறினேன். அவரும் ஏறினார்.

4:05. எனக்கு நேர் கீழே. ஒரு கிளை முறிந்தது. ஒரு கல் உருண்டது. அந்த இருமல். சட்டைக் கையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். கிளப்பில் எப்படிச் சொல்லப்போகிறேன் என்று வார்த்தைகளைக்கூட அடுக்கிவிட்டேன். நான் குரல் கொடுத்திருக்க வேண்டிய நேரம் அதுதான். கொடுக்கவில்லை.

அப்புறம் மூடுபனி இறங்கியது. என் பூட்ஸே எனக்குத் தெரியவில்லை. வழி போய்விட்டது. அழுகை வந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உறுமினேன்.

4:30. பதில் வந்தது. ஆனால் கீழே, தூரத்திலிருந்து. சலித்துப்போய் இறங்கிவிட்டார் போல என்று நினைத்தேன். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் பாதை கிடைக்கும். இறங்கினேன். 4:52. 5:20. நான் கூப்பிடக் கூப்பிட அது பதில் சொன்னது. ஒவ்வொரு தடவையும் பாதை இருந்த திசையிலேயே. கிளை முறியும் சத்தம் இல்லை. இருமலும் இல்லை. அதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை.

5:50. கடைசிப் பதில். எங்கள் வேலிக்குப் பக்கத்திலிருந்து.

ஓடி வந்தேன். யாரும் இல்லை. அவர் வண்டி நின்றது, உள்ளே ஆள் இல்லை. குடிலுக்கே திரும்பிப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ரெண்டு தட்டு சாப்பிட்டேன். ராத்திரி பூராவும் மழை.

ஞாயிற்றுக்கிழமை அலிஸ்டர் வரவில்லை. திங்கட்கிழமை காலை பஸ் வரவில்லை.

குடிலில் ஒரு நோட்டு இருக்கும். தங்குகிறவர்கள் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று எழுதி வைக்க வேண்டும். அலிஸ்டர் எழுதியிருந்தார்: கிழக்குக் கிளை, ஞாயிறு மாலை வீடு. நோட்டில் எழுதினபடி நடக்கிற மனுஷன் அவர். அதனால் ஹெலிகாப்டர், நாய்கள், அறுபது ஆட்கள், எல்லாம் கிழக்கே போனார்கள்.

மேற்கே வந்தார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் அவர் நம் வேலி வரைக்கும் நல்லபடியாக வந்தாரே, ஞாயிற்றுக்கிழமை கிழக்கே போயிருப்பார், அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று. அது ஓரளவு உண்மை. மீதி என்னவென்றால், விதியை மீறினது தெரிந்தால் கிளப்பில் தலைகாட்ட முடியாது. இரண்டாம் நாள் சொல்லியிருக்கலாம். மூன்றாம் நாள் இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஐந்தாம் நாள் வாயே திறக்கவில்லை. கிளப் சமையலறையில் தேடப்போகிறவர்களுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு நின்றேன். அவர் மனைவி மொய்ரா பக்கத்தில் நின்று கோப்பை கழுவினாள். "நீ ஏதாவது சாப்பிட்டியா கண்ணு?" என்று என்னைக் கேட்டாள்.

ஒன்பதாம் நாள் தேடலை நிறுத்தினார்கள்.

இருபத்தாறாம் தேதி உடல் இல்லாமலே அஞ்சலிக் கூட்டம். மேசையில் ஒரு மான் கொம்பு, அதில் அவர் தொப்பி. போலீஸ்காரர் ஹெமி பேசினார். முப்பது வருஷத்தில் பஸ் ரெண்டே தடவைதான் லேட்டாம், ரெண்டு தடவையும் ரோட்டில் மான் நின்றதாம். மாணவர்களை உள்ளேயே பூட்டிவிட்டு அதன் பின்னால் போய்விட்டாராம். எல்லோரும் சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினார்கள். பிறகு மொய்ரா எழுந்து, அவருக்காக எல்லோரும் வெளியே போய் ஒரு தடவை உறும வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நூறு தொண்டைகள் மலையைப் பார்த்து உறுமின. என் நெஞ்சு அதிர்ந்தது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அடங்கினது.

அப்போது, மேற்கிலிருந்து, ஒரு பதில் வந்தது.

சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். சிலர் அழுதுவிட்டார்கள். "நம்மாளுக்கு மானே மரியாதை பண்ணுது பாரு," என்றார் யாரோ. அப்பா மட்டும் முணுமுணுத்தார். "சீசன் முடிஞ்சிருச்சே. இப்ப எந்த மான் உறுமுது?"

நடுவில் குரல் உடைந்ததை நான் கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.

5:50.

அன்றைக்கு ராத்திரி 9:20. படுத்திருந்தேன். பைன் தோப்புக்குப் பின்னாலிருந்து... ஒரு உறுமல். அப்பா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

11:05. ஆட்டுப்பட்டிப் பக்கம். ஆடுகள் ஒன்றுகூட அசையவில்லை. எங்கள் நாய் டிப், அந்நிய எலிக்கே குரைக்கும். அது குரைக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிலா வெளிச்சத்தில் டிப் வாசலில் நின்று... வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

பஸ் வரும்போது ஆட்டுமே, அப்படி.

1:10. விறகுக் கொட்டகை.

போர்வையை இழுத்துக்கொண்டேன். ஈரக் கம்பளி வாசனை. சிகரெட் வாசனை.

1:14. ஜன்னலுக்கு வெளியே... மூச்சு.

கண்ணாடியில் ஆவி படிந்தது. வெளிப் பக்கமாக.

கத்தப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.

கடைசியில் வந்தது இதுதான்.

"அது மான் இல்ல... நான்தான்."

ஒன்றும் இல்லை.

பிறகு, மூக்கால் ஒரு "ம்ம்."

அந்தச் சத்தம் பஸ்ஸில் வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். சீட்டைக் கிழித்தது நான்தான் என்று யாராவது போய் ஒப்புக்கொண்டால், கண்ணாடியில் பார்த்தபடி அலிஸ்டர் அப்படித்தான் சொல்வார்.

விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். காலை ஏழு மணிக்கு ஹெமி வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கேயும் பாதிதான் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை மேற்குக் கிளையில் அலிஸ்டரின் உறுமல் கேட்டது என்று. நான் உறுமினதைச் சொல்லவில்லை.

"பதினஞ்சு நாள் கழிச்சு சொல்ற," என்றார் ஹெமி. அவ்வளவுதான். உடனே ஃபோனை எடுத்தார்.

மதியம் 12:20க்கு அலிஸ்டர் கிடைத்தார். மேற்குக் கிளையில், செங்குத்துப் பாறைக்கு அடியில்.

ஊரே என்னைக் கட்டிப்பிடித்தது. அந்தப் பொண்ணு ஞாபகப்படுத்திச் சொல்லலைன்னா மனுஷன் எலும்புகூடக் கிடைச்சிருக்காது என்றார்கள். கடையில் என்னிடம் ஐஸ்கிரீமுக்குக் காசு வாங்கவில்லை. வருகிற சனிக்கிழமை கிளப்பில் என்னை மேடையேற்றி நன்றி சொல்லப் போகிறார்களாம். அப்பா பெருமையாகச் சட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்.

இன்று சாயங்காலம் மொய்ரா கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். சமையலறை மேசையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். அலிஸ்டர் சட்டைப் பையில் இருந்ததாம். அடுப்புக்கு மேல் வைத்துக் காயவைத்திருக்கிறாள். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

'சனி 3:45. மேற்கே உறுமறது மான் இல்ல. டெஸ்தான். நல்லாவே உறுமறா. மூடுபனி இறங்குது, பொண்ணு வழி தெரியாம மாட்டிக்குவா. கூப்பிட்டா ஓடிருவா, சத்தம் போடாம போய் வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்.'

நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன். என் காது இரண்டும் எரிந்தன.

"சனிக்கிழமை கிளப்புல நான் இதைச் சொல்ல மாட்டேன்," என்றாள் மொய்ரா. "நீ சொல்லு."

தலையாட்டினேன். சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியமாக நினைக்கிறேன்.

"அன்னைக்கு வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்த?"

"ஆறு மணிக்கு."

"நனைஞ்சியா?"

"இல்ல."

"நல்லது," என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "பனியில வழி எப்படிக் கண்டுபிடிச்ச?"

அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன் என்றேன். 4:30, 4:52, 5:20. கடைசியாக 5:50க்கு எங்கள் வேலிப் பக்கத்தில் கேட்டதையும் சொன்னேன். அப்போது அவர் நன்றாகத்தான் இருந்தார், அதற்குப் பிறகுதான் ஏதோ ஆகியிருக்க வேண்டும் என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

மொய்ரா என்னையே பார்த்தாள். எழுந்து போய், ஹெமி கொடுத்த காகிதத்தைக் கொண்டுவந்தாள். அலிஸ்டர் இடுப்பில் வழி காட்டும் கருவி ஒன்று கட்டியிருந்திருக்கிறார். அவர் நடந்த வழியெல்லாம் அதில் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது.

பாறைக்கு மேலே வந்தது 4:11.

கீழே விழுந்தது 4:12.

விழுந்த வேகத்திலேயே உயிர் போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த இடத்திலிருந்து எங்கள் வேலி நாலு கிலோமீட்டர்.