பூச்சடைப் படம்

என் வீட்டுக்காரர் சூரமங்கலத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் நான் அந்தப் பக்கம் போனதில்லை. ஒரு நாள் ரயில்வே குமாஸ்தா ஒருவர் மனைவியோடு படம் எடுக்க வந்தார். அந்த அம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை. முகத்தைச் சற்று இடப்பக்கம் திருப்பச் சொன்னால் நாற்காலியோடு திரும்பினாள். தொட்டுத் திருத்த என் வீட்டுக்காரரால் முடியாது. குமாஸ்தாவுக்கோ எதைத் திருத்துவதென்று தெரியவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் ஓடி வந்து என்னைக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து பெண்களைப் படத்துக்கு உட்கார வைப்பது என் வேலையாயிற்று.

ஸ்டூடியோ என்றால் ஒரு நீளக் கொட்டகைதான். கூரையின் வடபுறம் மட்டும் கண்ணாடி போட்டிருக்கும். அதன் கீழே வெள்ளைத் திரைகள் தொங்கும். அவற்றை மூங்கில் கழியால் தள்ளித் தள்ளி வெளிச்சத்தை வேண்டிய பக்கம் விழ வைக்க வேண்டும். மூக்கின் நிழல் உதட்டைத் தொடக்கூடாது. நிழல் விழும் கன்னத்துப் பக்கம் சட்டத்தில் கட்டிய வெள்ளை வேட்டியைப் பிடித்தால் அந்தக் கன்னமும் துலங்கும். இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்தது. நானாகக் கண்டுகொண்டதும் சில உண்டு. வருகிற பெண்கள் முகம் நிறையப் பவுடர் அப்பிக்கொண்டு வருவார்கள். படத்தில் அது சாம்பல் பூசியதுபோல விழும். நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பக்கவாட்டு வெளிச்சத்தில் உட்கார வைப்பேன். கறுத்த முகத்தில் அந்த வெளிச்சம் வழிவதைப் போல அழகு வேறில்லை. இன்னொன்று, கை. வயற்காட்டில் நாளெல்லாம் ஓயாமல் இயங்கும் கை, மடியில் சும்மா வைத்தால் கட்டையாகிவிடும். கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் தோளும் தானாக இறங்கும்.

வசதியான குடும்பங்களில் முதல் பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்ணுக்குப் பூச்சடை தைத்துப் படம் எடுப்பார்கள். வாழைப்பட்டையில் மல்லிகையும் மரிக்கொழுந்தும் தைத்து, தலையிலிருந்து இடுப்பு வரை கட்டிய சடை. சடை தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும். அதற்காகப் பெண்ணை முதுகு காட்டி உட்கார வைத்து, எதிரே நிலைக்கண்ணாடி நிறுத்துவோம். முகம் கண்ணாடிக்குள் தெரியும். எடுப்பதற்குள் உயிர் போய்விடும். கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினால் காமிராவும் கறுப்புத் துணிக்குள் இருக்கும் அவரும் உள்ளே தெரிவார்கள். சடையில் வெளிச்சம் விழுந்தால் முகம் இருளும். சடை துல்லியமாக இருந்தால், கண்ணாடிக்குள் தூரத்தில் இருக்கும் முகம் மங்கும். இரண்டும் சரியாக விழ லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் லென்ஸ் மூடியை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் அவள் மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் இருக்க வேண்டும்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். படம் விழும் கண்ணாடி பிளேட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அப்போது பரமத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பண்ணையக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். மகளுக்கு ஏழாம் மாதம், கட்டுச்சோறு விருந்து முடிந்து தாய் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள், பூச்சடைப் படம் எடுக்க வேண்டும், மகளைச் சேலம் வரை கூட்டிவர மனசில்லை, நீங்களே வீட்டுக்கு வர வேண்டும் என்று. அந்தக் குடும்பம் எங்களுக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன்பு அவர்களுடைய மூத்த மகள் எங்கள் ஸ்டூடியோவுக்கே வந்து பூச்சடைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். கலகலவென்று பேசுகிற பெண். கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, மூடியைக் கழற்ற விடாமல் செய்தவள்.

கையில் மீதியிருந்தவை இரண்டே பிளேட். இரண்டையும் எடுத்துக்கொண்டு பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் நாமக்கல் போய், அங்கிருந்து வேறு பஸ் மாறி, வேலூரில் அவர்கள் அனுப்பிய வில்வண்டியில் ஏறினோம். வழியெல்லாம் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும். ஆற்றுப் பக்கம் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்து அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பிளேட் பெட்டி குலுங்காமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அந்தப் படம். நான் உட்கார வைத்த மூத்த மகள், நான் நீவிவிட்ட முந்தானை. படத்துக்கு மாலை போட்டிருந்தது. கீழே விளக்கு எரிந்தது.

என் கால் நிலைப்படியிலேயே நின்றுவிட்டது. அவரும் பார்த்துவிட்டார். பிறகு சமையலறையில் வேலைக்காரப் பெண் சொன்னாள், பிரசவத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய்விட்டார்களாம். அப்போது படம் எடுத்துப்போய் மூன்று மாதம்கூட ஆகியிருக்காது என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். போடக்கூடாத கணக்குத்தான். ஆனால் மனசு நிற்கவில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஊரில் சொல்வதை நாங்கள் சிரித்துத் தள்ளியிருக்கிறோம். அன்று சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண்களின் தாயார் உயரமான பெண்மணி, குரல் தணிந்திருக்கும். பெரியவளுக்கு எடுத்ததைப் போலவே சின்னவளுக்கும் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதே மாதிரி கண்ணாடி, அதே மாதிரி சடை. நிலைக்கண்ணாடியை உள்ளறையிலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். அது நடுவாசலில், அதாவது வீட்டுக்குள்ளிருந்த முற்றத்தில், திறந்த வானத்தின் கீழே நின்றது.

எனக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை. நேர் மேலேயிருந்து விழும் வெளிச்சத்தில் கண் இருக்கும் இடம் குழியாகிவிடும், கன்னம் ஒட்டும், நல்ல முகம்கூட நோயாளி முகமாகும். என் வீட்டுக்காரர் தலைக்குமேல் ஒரு வேட்டியைக் கட்டிப் பார்த்தார். ஓரளவு தேவலை. நான் சின்னவளை அழைத்துவர உள்ளே போனேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இராது. சடை தைத்து முடித்திருந்தார்கள். பூவின் பாரத்தில் தலை பின்னால் சாய்ந்திருந்தது. கையைப் பிடித்தேன், சில்லென்றிருந்தது. சுற்றி யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"ஏனுங்க, எங்கக்காளை உக்கார வெச்சது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அந்தப் படத்துல எங்கக்கா திரும்பிப் போற மாதிரியே இருக்குதுங்க. நம்ம பக்கம் முதுகுதான் இருக்குது. மூஞ்சி கண்ணாடிக்குள்ள போயிருச்சு. தெனமும் பாக்கறனுங்க."

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாயார் வந்து கூப்பிட்டதும் எழுந்து வந்து, கண்ணாடிக்கு எதிரே, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். நான் முந்தானையை நீவினேன், சடையை நேராக்கினேன். அக்காளுக்குச் செய்ததையே என் விரல்கள் ஒன்று விடாமல் திரும்பச் செய்தன. அதை உணர்ந்ததும் கையை எடுத்துக்கொண்டேன். அவர் துணிக்குள்ளிருந்து அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு மூடியைக் கழற்றினார்.

சடைதான் முதலில் ஆடியது. அடியில் தொங்கிய குஞ்சம் இப்படியும் அப்படியும் லேசாக. பிறகு தோள். கண்ணாடிக்குள் பார்த்தேன், கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. நான் ஓடிப்போய்த் தாங்குவதற்குள் அவர் மூடியைப் போட்டுவிட்டார். அந்த பிளேட் போயிற்று என்று கழுவிப் பார்க்காமலே தெரியும்.

அவளைத் தாழ்வாரத்தில் சாய்த்து உட்கார வைத்து நீர்மோர் கொடுத்தார்கள். வாசலில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் என்னைத் தனியே அழைத்து, இன்னும் ஒன்றுதான் இருக்கிறது, மழை வந்தால் அதுவும் இல்லை, பேசாமல் இன்னொரு நாள் வருவோமா என்றார். இன்னொரு நாள் என்றால் பிளேட்டுக்கு எங்கே போவது? அதைவிட, இப்படியே விட்டுப்போனால் அந்தப் பெண்ணின் மனசில் இது என்னவாக வளரும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

நான் தாயாரிடம் போனேன். அவர் அடுப்பங்கரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி வேண்டாம், நேராக உட்கார வைத்து எடுக்கிறேன் என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பெரியவ போனதுக்கப்புறம் அந்தப் படம் ஒண்ணுதான் அம்மிணி எனக்கு மிச்சம். இவளுக்கும் அதாட்ட ஒண்ணு..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. எதற்காக எங்களை அவ்வளவு தூரம் வரவழைத்தார்கள் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. சின்னவளுக்கும் தெரிந்திருந்தது.

"அம்மா, அவ உங்களைய நேராப் பாத்துட்டு இருக்கட்டுமுங்க," என்றேன். "நீங்க காமிராப் பக்கத்துல வந்து நில்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்தார்.

தாழ்வாரத்தின் வடக்கு ஓரத்தில் நாற்காலியைப் போடச் சொன்னேன். ஓட்டுக்கூரை மேல் வெளிச்சத்தை மறைத்துவிட்டது. பக்கவாட்டில் திறந்த வாசலிலிருந்து மென்மையான வெளிச்சம் வந்தது. மேகம் மூடியதுகூட ஒரு விதத்தில் நல்லதாயிற்று. சடையை முதுகிலிருந்து எடுத்து இடது தோள் வழியாக முன்னால் விட்டேன். மடி வரை வந்தது. அதன் நுனிக் குஞ்சத்தை அவள் கையில் கொடுத்து, பூ உதிராமல் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கைக்கு வேலை கிடைத்ததும் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. நிழல் பக்கத்துக் கன்னத்துக்கு வேட்டிச் சட்டத்தை நானே பிடித்துக்கொண்டேன். கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் விழும் வரை சட்டத்தை ஏற்றி இறக்கினேன். என் வீட்டுக்காரரிடம், இதற்குத் துவாரத்தைச் சுருக்க வேண்டாம், நேரமும் குறையும் என்றேன். அவருக்குத் தெரியாததல்ல. எனக்குத்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தூறல் ஓட்டில் விழும் சத்தம் கேட்டது. அவள் தாயாரைப் பார்த்தாள். தாயார் காமிராவை உரசிக்கொண்டு நின்றார். மூச்சை வெளியே விட்டுவிட்டு அப்படியே இரு என்றேன். மூடி கழன்றது.

அந்த நேரத்தில் அவள் புருவம் லேசாக உயர்ந்தது. உதட்டோரம் ஏதோ அசைந்தது. இதுவும் போயிற்று என்று நினைத்தேன். மூடியைப் போட்டதும் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"உள்ள ஒதைச்சுதுங்க," என்றாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவளைப் போல.

மறுநாள் காலையில் ஸ்டூடியோவின் இருட்டறையில், சிவப்பு விளக்கில், அவர் பிளேட்டைத் தட்டில் போட்டு ஆட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். முதலில் சடைப் பூக்கள் வந்தன, பிறகு நெற்றி, பிறகு கண். முகம் துல்லியமாக விழுந்திருந்தது. குஞ்சம் பிடித்த கையும் வயிற்றின்மேல் படிந்த சேலை மடிப்பும் மட்டும் சற்றுக் கலங்கியிருந்தன. பென்சிலால் தொட்டுச் சரிசெய்யலாம் என்றார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். பிரதி போட்டு, வேலூர் போகும் தெரிந்த வியாபாரி ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் துன்பம் தொடங்கியது. தகவல் ஒன்றுமில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று விரல் மடக்குவேன். அந்தப் பக்கத்து ஆள் யாராவது ரயிலேற வந்தால் விசாரிக்கத் தோன்றும். விசாரித்தால் என்ன பதில் வருமோ என்று வாயை மூடிக்கொள்வேன். எனக்கே இரண்டு தடவை பிள்ளை தங்காமல் போயிருந்தது. அதனால் இப்படி இருக்கிறேன் என்று வீட்டில் நினைத்தார்கள். அதுவும் இருக்கலாம்.

பத்தாம் மாதமும் கடந்து ஒரு முற்பகலில் பண்ணையக்காரரே ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். தோளில் துண்டு, முகத்தில் சவரம் இல்லை. உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. மடியிலிருந்து துணியில் சுற்றிய படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதைப் பெருசு பண்ணோணுமுங்க. சொவத்துல மாட்டற அளவுக்கு."

சாவு விழுந்த வீட்டிலிருந்துதான் அந்த நாளில் படத்தைப் பெரிதாக்கக் கேட்டு வருவார்கள். உயிரோடிருப்பவர்களை யாரும் அவ்வளவு பெரிதாகச் சுவரில் மாட்டுவதில்லை. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் படத்தைத் தொடாமல் நின்றார். பண்ணையக்காரர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். பிறகுதான் புரிந்தது போலிருக்கிறது.

"ஐயோ, அதில்லீங்க," என்றார். "பொட்டப்புள்ளை பொறந்திருக்குது. ரண்டு உசுரும் நல்லா இருக்குதுங்க. ரண்டு நாள் சிரமப்பட்டுப்போச்சு, நாமக்கல்லுல இருந்து டாக்டரம்மா வந்துதான் எடுத்தாங்க. என்ற ஊட்டுக்காரிதான் இதைப் பெருசா மாட்டோணும்னு நிக்கறா."

நான் உள்ளே போய்த் திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அவர் பண்ணையக்காரருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் சத்தம் கேட்டது. வந்தவர் குழந்தையின் நிறத்தைப் பற்றியும் மருமகன் வந்து பார்த்துப்போனதைப் பற்றியும் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வர வெகுநேரமாயிற்று.

அந்த வருஷக் கடைசியிலிருந்து வேலூர், மோகனூர்ப் பக்கமிருந்து பூச்சடைப் படத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கண்ணாடி வைக்க வேண்டாம், சடையை முன்னால் விட்டு எடுங்கள், அந்த வீட்டுப் பெண்ணுக்கு எடுத்தது ராசியான படம் என்பார்கள். ராசியில்லை, டாக்டரம்மா சமயத்துக்கு வந்ததுதான் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. அப்படிப் படம் எடுக்க நான் மறுக்கவும் இல்லை. ஒவ்வொரு பெண்ணையும் உட்கார வைத்து, தோள் வழியாகச் சடையை விட்டு, குஞ்சத்தைக் கையில் கொடுப்பேன். அவள் முகத்தில் வெளிச்சம் சரியாக விழுந்ததும் அவள் ஊரையும், எந்த மாதம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வேன். பிறகு அந்த ஊரிலிருந்து யாராவது சேதியோடு வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.