ஓவசியரின் இரண்டு லோங்ஸ்

1. கட்டிங் மேசை

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு தையல் கடையில் ஒன்பது வருடம் மெசின் மிதித்து லோங்ஸ், அதாவது முழுக் காற்சட்டை, தைத்தேன். தையல் கடையில் அளவெடுத்து, சோக்கால் கோடு போட்டு, துணி வெட்டுகிற கட்டர்தான் பெரியவர். மற்றவர்கள் அவர் வெட்டித் தந்ததைத் தைப்பவர்கள். பழைய கட்டர் கனடா போனதும் மேசை எனக்குத்தான் என்று இருந்தேன்.

எண்பத்தாறில் ஒரு திங்கட்கிழமை முதலாளி சலீமைக் கூட்டிக்கொண்டு வந்தார். சோனகதெரு முஸ்லிம், என் வயதுதான்.

"ராசன், நீ மெசினைப் பார். வெட்டெண்டா அது சோனகரின்ரை கைதான். அவையளுக்கு ரத்தத்திலை இருக்கு."

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான். அதற்கு மரியாதையான வேறு பெயர் வைக்க விருப்பமில்லை. அவன் ரத்தத்தில் கத்தரிக்கோல் ஓடினால் என் ரத்தத்தில் என்ன, மண்ணெண்ணெயா ஓடுகிறது?

தேத்தண்ணி நேரத்தில் கடையைச் சிரிக்க வைப்பது அதுவரை என் வேலை. அதையும் அவன் பிடித்துக்கொண்டான்.

"யாழ்ப்பாணத் தமிழன் லோங்ஸ் தைக்க வந்தா முதல் என்ன சொல்லுவான் தெரியுமோ? இடுப்பிலை ரெண்டிஞ்சித் துணி உள்ளுக்கு மடிச்சு விடும். காலிலையும் ரெண்டிஞ்சி விடும். தான் போட்டு, தம்பி போட்டு, தம்பியின்ரை மகனும் போடோணும்."

மெசின்கள் நின்றுவிட்டன. எல்லாரும் சிரித்தார்கள்.

"எல்லாத் தமிழரும் அப்பிடியில்லை," என்றேன். "உங்கடை ஆக்கள் மாதிரி உழைக்கிறதை எல்லாம் புரியாணியிலை விடாட்டி, அது கஞ்சத்தனமோ?"

"நாலு நாளா நான் கொண்டு வாறது பாணும் சம்பலும். நீ பாக்கேல்லையோ?"

அந்தச் சிரிப்பும் அவனுக்கே. போதாததற்கு, அந்த நேரம் பார்த்துத் துணியோடு படியேறிய ஒருவர், "தம்பி, உள்ளுக்கு ரெண்டிஞ்சி விட்டுத் தையும்," என்றார். அவர் என் சொந்தச் சித்தப்பா.

2. பரீட்சை

எங்கள் பழைய வாடிக்கைக்காரர் கோப்பாய் ஓவசியர், தெரு வேலைகளை மேற்பார்வை செய்பவர்; சலீம் முஸ்லிம் என்பதால் அவனை 'நானா' என்றே சொல்வார். ஒரே துணியில் இரண்டு லோங்ஸுக்குக் கொடுத்திருந்தார். நான் முதலாளியிடம் போய் நின்றேன்.

"ஒண்டைச் சலீம் வெட்டட்டும். மற்றதை நான் வெட்டுறன். ஆர் எதை வெட்டினதெண்டு அவருக்குச் சொல்ல வேண்டாம்."

"சரி. அவர் உன்ரையை நல்லதெண்டு சொன்னா வாரத்திலை மூண்டு நாள் மேசை உனக்கு."

ஓவசியர் இரண்டையும் போட்டுப் பார்த்தார். என்னுடையதைத் தட்டிக் காட்டினார். "இதுதான் நானாவின்ரை வெட்டு. இடுப்பு நிக்கிற நிலையைப் பாருங்கோ. அவையளின்ரை கை வேறை. மற்றது ராசன்ரை. அவர் இன்னும் பழகோணும்."

"ஐயா, உதுதான் நான் வெட்டினது," என்றேன். அவர் என்னைப் பாவம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

முதலாளி கையை விரித்தார். "அவர் நானா எண்டுதானே சொன்னவர்?"

மேசை வரவில்லை. நான் வென்றதும் சலீமின் ரத்தத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. கடை பூட்டும்போது அவன் என்னிடம் வந்தான். சிரிக்கவில்லை.

"உனக்கு மட்டுமோ எரியுது? என்ரை வாப்பா இரும்புக்கடையிலை பாரம் தூக்கினவர். எங்கடை வீட்டிலை ஊசி பிடிச்ச ஒருத்தரும் இல்லை. கொழும்பிலை ஆறு வருசம் சட்டைக்குத் தெறி தைச்சு, அடி வாங்கிப் படிச்சனான். இவையள் ரத்தம் எண்டு சொல்லுகினம்." கத்தரிக்கோலை உறையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "உன்ரை இடுப்பு வெட்டு திறம். எனக்குப் பொறாமையாக் கிடக்கு."

அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

3. தொண்ணூறு

ஒக்டோபர் கடைசியில் ஆயுதம் வைத்திருந்த இயக்கத்தார் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேறச் சொன்னார்கள். ஒழுங்காக நேரமும் கொடுக்கவில்லை, சாமான் எடுக்கவும் விடவில்லை. அதற்கு முதல் நாள் ஓவசியரின் புது லோங்ஸை வெட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போன சலீம், பிறகு வரவேயில்லை.

முதலாளி அவனுடைய கத்தரிக்கோலை எடுத்து என் கையில் தந்தார். "இனி நீதான்."

சலீம் வெட்டியதில் ஒரு நூல்கூட மாற்றாமல் தைத்து முடித்தேன். ஓவசியர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று இடுப்பை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"என்ன இருந்தாலும் நானாவின்ரை கை வராது, ராசன். உமக்கு அது இல்லை."

"ஐயா, உது சலீம் வெட்டினது."

"சும்மா இரும். எனக்குத் தெரியாதோ?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன். சேர்ந்து சிரிக்க வேண்டியவன் புத்தளத்தில் எந்த அகதிக் கொட்டிலில் கிடந்தானோ.

இன்றைக்கு மெசினில் உட்காரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வெட்டைத் துணியில் பாருங்கள், வெட்டினவனின் சமயத்தில் பார்க்காதீர்கள். அந்த மேசையில் நான் பிறகு ஐந்து வருடம் நின்றேன். எதிரில் போட்டிக்கு ஆள் இல்லை. அவனைவிட நான் திறமோ என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.