கண்ணுக்குத் தெரியும், கண்ணாடிக்குத் தெரியாது

இருட்டில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவருக்கு மெடல் கிடைக்கும். அவருக்குப் பாதை போட்டுக் கொடுக்கிற என்னைப் போன்றவளுக்கு ரத்தக் கொதிப்புதான் கிடைக்கும்.

முத்தாபுதுப்பேட்டை பக்கம் ராணுவ முகாமில் வேலை எனக்கு. எங்கள் விமானிகள் ராத்திரியில் ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு பறப்பார்கள். கொஞ்சூண்டு நிலா வெளிச்சத்தைப் பல மடங்கு பெருக்கி, ஊரையே பச்சையாகக் காட்டும் கண்ணாடி. ஏரி தெரியும், ரோடு தெரியும், மாடு படுத்திருப்பதுகூடத் தெரியும். கரண்ட் கம்பி மட்டும் தெரியாது. அதனால் பகலிலேயே நான் ஸ்கூட்டரில் அலைந்து, புதிதாக முளைத்த கம்பம், டவர், கிரேன் எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றியாக வேண்டும். வெள்ளம் வந்தால் மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கிவர இந்தப் பாதைதான். ஒன்றைக் கோட்டை விட்டேனென்றால், மறுநாள் கீரைக்காரம்மாவிடம் நிற்கும்போது எங்கள் விமானி ஜெயக்குமார் சாரின் மனைவி முகத்தில் எப்படி முழிப்பேன்? சொல்லாமல் கொள்ளாமல் மாடி எழுப்பிய பக்கத்து வீட்டுக்காரனோடு மல்லுக்கட்டியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

நிலாவுக்கு மேலதிகாரி

என் மேசைக்கு மேலே தினசரி காலண்டர் தொங்கும். வளர்பிறை, தேய்பிறை பார்க்காமல் நான் தேதி குறிக்க மாட்டேன். இந்தக் கண்ணாடியைப் புதிதாக மாட்டுகிறவர்களை நல்ல நிலாவில்தான் மேலே அனுப்ப வேண்டும். ஒருநாள் மேலதிகாரி வந்தார். தலைமையிடத்திலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறாராம், புதியவர்கள் ராத்திரியில் பறந்து காட்ட வேண்டுமாம். காலண்டரைப் பார்த்தால் அமாவாசை!

"முடியாது சார்" என்றேன். நிலாவை நான்தான் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்பதுபோலப் பார்த்தார். ஒற்றைக்காலில் நின்றேன். கடைசியில் பெரியவருக்குப் பகலிலேயே பறந்து காட்டினார்கள். அதற்கு முன்னால் அந்த மனுஷன் என்னிடம் சொன்னது இது: "பெரியவர் வர்ற தேதிய மாத்த முடியாதும்மா. நிலா விஷயத்துல நீதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

காலையில் இல்லாத கிரேன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் காலையில் போனபோது வெறும் காம்பவுண்டு சுவர். சாயங்காலம் அதே வழியில் திரும்பினால், வானத்தைக் குத்திக்கொண்டு ஒரு கிரேன். கொடி இல்லை, விளக்கு இல்லை. மறுநாள் ஜெயக்குமார் சார் அந்தப் பக்கம் தாழப் பறக்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்று கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் கத்தினேன். பாவம், அவரிடம் கத்தி என்ன பிரயோஜனம்? ஆனால் முதலாளி வர மாட்டார், மேனேஜர் போனை எடுக்க மாட்டார். கத்துவதற்கு அகப்பட்டவர் அவர்தான். அவர் டீயை ஆற அமரக் குடித்துவிட்டுச் சொன்னார்: "இன்னா மேடம் நீ, இந்த ரோட்ல எவன் மேல பாத்துகினு போறான்? கீழ கீற பள்ளத்தப் பாத்துகினு போவவே நேரம் பத்தல."

எரிகிற விளக்கு

மேனாம்பேட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மொட்டை மாடியில் செல்போன் டவர். சங்கச் செயலாளர் பிரபாகர், ஐ.டி. வேலைக்காகக் கோயமுத்தூரிலிருந்து வந்தவர். டவர் உச்சியில் பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டுச் சிவப்பு எல்.இ.டி. போட்டிருப்பதைப் பெருமையாகக் காட்டினார். அங்கேதான் வினை. சிலவகை எல்.இ.டி. சிவப்பை எங்கள் கண்ணாடி வடிகட்டிவிடும். வெறும் கண்ணுக்கு ஜெகஜ்ஜோதி, கண்ணாடிக்கு இருட்டு. இருட்டத் தொடங்கியதும் ஜெயக்குமார் சாரைத் தெருமுனையில் நிறுத்திக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். அவர் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "எந்த மாடில?" என்று என்னையே கேட்டார்.

பிரபாகரிடம் சொன்னால் சிரிக்கிறார். "பூந்தமல்லி வரைக்கும் தெரியுதுங்க மேடம்!" என்கிறார். மாற்ற வேண்டுமானால் சங்கம் கூட வேண்டுமாம். கூடவே, எங்கள் ஹெலிகாப்டர் சத்தத்தில் குழந்தைகள் தூங்கவில்லை என்று ஒரு புகார் வேறு. சரி, விற்றவரிடமே கேட்போம் என்று பூந்தமல்லியில் காதர் பாய் கடைக்குப் போனேன். பழைய மாதிரி பல்பு எடுத்து வைக்கிறேன் என்றார், நல்ல மனுஷன். ஆனால் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: "எங்க அத்தா காலத்துலேருந்து லைட்டு விக்கிறோம்மா. எரியல்லன்னு சண்டைக்கு வருவாங்க. எரியிற லைட்டு தெரியல்லன்னு வந்தது நீங்கதான் மொதல்ல."

வேறு வழியில்லாமல் அந்த மாடியைச் சுற்றி வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டேன். ஹெலிகாப்டர் அண்டவே கூடாத இடம்.

மழை விட்ட சாயங்காலம்

அந்த வருஷம் விடாமல் கொட்டிய மழையில் மேனாம்பேட்டில் தரைத்தளம் மூழ்கிவிட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் பிரபாகர் போன் செய்தார். அவர் அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆம்புலன்ஸ் வர வழியில்லை, ஹெலிகாப்டரை மொட்டை மாடிக்கு அனுப்புங்கள் என்று அழுதார். "உங்க மாடிக்கு வர முடியாது சார்" என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "ஏனுங்க மேடம், கரண்ட் போயும் எங்க டவர்ல சிவப்பு லைட்டு எரியுதுங்களே, அதப் பாத்து வரச் சொல்லுங்க!"

போனிலேயே கத்தினேன். கத்திக்கொண்டே வரைபடத்தையும் பார்த்தேன். பக்கத்தில் பள்ளிக்கூட மைதானம், மேடான இடம், கம்பி இல்லை. அப்பாவை மீட்புக் குழுவின் ரப்பர் படகில் அங்கே கொண்டுபோகச் சொன்னேன். ஜெயக்குமார் சார் டவரை விட்டு விலகிச் சுற்றி வந்து இறங்கித் தூக்கினார். அந்தச் சுற்றுக்கும் படகுக்கும் நேரம் நிறையவே ஆனது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கையை விரித்திருப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பிரபாகரின் அப்பா பிழைத்துக்கொண்டார்.

அவர் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். காதர் பாய் கொடுத்த பல்பையும் எடுத்துப் போனேன். அண்ணாந்து பார்த்தால், உச்சியில் அதே எல்.இ.டி.! பிரபாகர் கையெடுத்துக் கும்பிட்டார், காபி கொடுத்தார், பல்பை வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "கண்டிப்பா மாத்திடலாமுங்க மேடம், அடுத்த மீட்டிங்ல எல்லாரும் ஒத்துக்கட்டும். அதுவரைக்கும் கொஞ்சம் சத்தமில்லாமப் பறக்கச் சொல்லுங்க."

ராத்திரிப் பறப்பில் கண்ணுக்குச் சிக்காத பெரிய ஆபத்து கரண்ட் கம்பிதான் என்று எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மேனாம்பேட்டுச் சங்கத்தைப் பார்த்த பிறகு கம்பிக்கு இரண்டாம் இடம்தான் கொடுக்கிறேன்.